அலமாரி வைத்த சுவர்

"சுவர் எப்படிங்க விழும்?"

"எந்தச் சுவர்?"

"சும்மா, ஒரு சுவர். குண்டு பட்டா. இல்ல, லாரி வந்து மோதினா."

அவன் டீ டம்ளரைத் தரையில் வைத்தான். உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"எடுத்ததும் விழாதும்மா. முதல்ல உக்காரும்."

"உக்காருமா?"

"ஆமா. முட்டி வலிக்காரங்க உக்கார்ற மாதிரி, ஒரு பக்கமா மெல்ல இறங்கும். அதுல கதவு இருந்தா அப்புறம் திறக்காது. நிலை இறுகிடும். நீ எவ்வளவு இடிச்சாலும் அசையாது. ஸ்விட்ச் போர்டு இருக்கில்ல, அந்த ஓட்டையில இருந்து தூசி வரும், யாரோ உள்ள உக்காந்து பீடி பிடிக்கிற மாதிரி. அதைப் பாத்தா நாங்க வெளிய ஓடி வந்துடுவோம். விழறதெல்லாம் அதுக்கப்புறம்தான்."

இது நடந்து எட்டு மாதம் இருக்கும். அந்த வீட்டில் அவன் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி, அதற்கு முன் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. உள்ளறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவன் அம்மா காலை எடுத்துவிட்டாள். மகன் பேசி முடிக்கும் வரை மிஷின் ஓடவில்லை. அப்புறம் ஓடியது, இரண்டு மடங்கு வேகத்தில்.

அவன் மனைவி கேட்டது என்னவோ தன் வேலைக்காகத்தான்.

மெத்தையும் சோபாவும் விற்கிற பெரிய கடை ஒன்றின் மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். கேம் கம்பெனி. வெளியே ஏதோ ஒரு பெரிய நிறுவனம் ராணுவச் சண்டை விளையாட்டு ஒன்றைத் தயாரிக்க, அதில் வரும் வீடுகளையும் தெருக்களையும் இவர்கள் செய்துகொடுத்தார்கள். மற்ற விளையாட்டுகளில் வீடு என்பது வெறும் தோல். முன்னால் பெயின்ட் அடித்த அட்டை மாதிரி நிற்கும். எத்தனை சுட்டாலும் ஒரு கறுப்புப் புள்ளிதான் விழும். இந்த விளையாட்டில் எதைச் சுட்டாலும் உடையும். உடையும் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே பூச்சுக்குப் பின்னால் செங்கல், செங்கல்லைக் குடைந்து போகும் வயர் குழாய், தளத்துக்குள் கம்பி, கம்பியில் துரு என்று எல்லாவற்றையும் அவள் செய்தாக வேண்டும். யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்று தெரிந்தே செய்கிற வேலை.

ஒவ்வொரு சுவருக்கும் எத்தனை அடி தாங்கும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். ஆபீசில் அதற்கு உயிர் என்று பேர்.

"சுவரம்மா, மாடிப்படிச் சுவருக்கு எவ்வளவு உயிர் வச்சிருக்கீங்க?"

"இருநூறுண்ணே."

"ரொம்ப ஜாஸ்தி. காலையில இருந்து சுட்டுச் சுட்டு என் விரல்தான் உடைஞ்சுபோச்சு. நூத்தி இருபது போதும்."

இப்படிக் கேட்பவரை எல்லோரும் கரையான் என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதுக்காரர், டெஸ்டர். பகல் முழுவதும் துப்பாக்கியோடு வீடு வீடாகப் போய்ச் சுடுவதும், எந்தச் சுவர் உடைய வேண்டிய விதத்தில் உடையவில்லை என்று எழுதி வைப்பதும் அவர் வேலை. அவர் கண்ணில் படாமல் ஓர் ஓட்டை தப்பியதில்லை. அவளைச் சுவரம்மா என்று முதலில் கூப்பிட்டதும் அவர்தான்.

அவள் படித்தது சிவில். மாமியாருக்கு அதில் தீராத வியப்பு.

"வீடு கட்டப் படிக்கவச்சாங்களாம். இவ இடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறா" என்பாள், ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வந்த பெண்களிடம். "இவன் இடிஞ்ச வீட்டுல இருந்து ஆளைத் தூக்குறவன். நல்ல ஜோடிதான். ஒருத்தர் இடிச்சா ஒருத்தர் அள்ளுவாங்க."

அவன் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்து பதினோரு வருஷம். மணி அடித்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் தாவுகிறவன் என்று பேர் வாங்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. அங்கே போய்விட்டு வந்த பிறகு அவன் வண்டியில் ஏறவில்லை. தானாகவே எழுதிக்கொடுத்து, கண்ட்ரோல் ரூமில் போன் எடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். எங்கே, எந்தத் தெரு, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பகலெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேசுவதற்கு வாயில் மிச்சம் எதுவும் இல்லை.

சிலிண்டர் வெடித்த அந்த நேரம் அவள் வீட்டில் இல்லை. வேறொரு விளையாட்டை முடித்துக் கொடுக்கிற அவசரம். கீழ்க்கடையில் கேட்டு வாங்கிப் போட்ட சோபாவிலேயே நாலைந்து பேர் முறைவைத்துத் தூங்கினார்கள். மூன்றாம் நாள்தான் வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "என்னங்க ஆச்சு? உள்ள எத்தனை பேர் இருந்தாங்க? உங்க மேல ஏதாவது விழுந்துதா? ஏன் எனக்குப் போன் பண்ணலை? ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றான்.

ஒரு பெண் இறந்துபோனாள் என்று மட்டும் பிறகு தெரிந்தது. அந்த வேலையில் அது நடக்கிறதுதான். விசாரணை ஒன்று நடந்தது. யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்தது. அவன் சாப்பிட்டான், தூங்கினான், மாதச் சாமான் வாங்கி வந்தான். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. "உப்பு" என்றால் உப்பை நகர்த்துவான். "மழை வருது" என்றால் கொடியில் இருக்கிற துணியை எடுப்பான். அவ்வளவுதான்.

அப்படி இருந்தவன்தான் அன்றைக்குச் சுவர் உட்காரும் கதையைச் சொன்னான். மறுநாள் அவள் ஆபீசில் அதை அப்படியே செய்து பார்த்தாள். குண்டு பட்டதும் சுவர் சிதறவில்லை. ஒரு பக்கமாக இறங்கியது, கதவு இறுகியது, ஸ்விட்ச் போர்டிலிருந்து தூசி வந்தது. கரையான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏ அம்மா, எனக்கு நெஞ்சு அடைக்குதும்மா" என்றார். அது பாராட்டு.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவள் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தாள். அவன் துணி மடிப்பான், இவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

"மாடி இறங்கினா கீழ இருக்கற சாமானெல்லாம் என்னாகும்?"

"கட்டில் தாங்கும். மேஜை தாங்காது. பாத்திரம் பூரா அப்படியே இருக்கும், அதுதான் ஆச்சரியம். ஒரு டம்ளர் நசுங்காது."

"கிரில் கதவு?"

"வளையும். பச்சைப் பெயின்ட் உரிஞ்சு கீழ சிவப்பு தெரியும்."

"சமையல்கட்டு எப்பவும் ஹாலை ஒட்டித்தானே இருக்கும்?"

"ரெண்டு படி கீழ இருக்கும். பழைய வீடுன்னா."

"ஒரு சுவர் பாரம் தாங்கற சுவரா, வெறும் தடுப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவன் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"தட்டிப் பாக்கணும். கெட்டியா கேட்டா பாரம். பொள்ளுன்னு கேட்டா தடுப்பு, உடைக்கலாம். ஆனா அந்தப் பக்கம் சுவரைக் குடைஞ்சு அலமாரி வச்சிருந்தா, கெட்டிச் சுவரும் பொள்ளுன்னுதான் கேக்கும். ஏமாத்திடும்."

அவள் செல்போனில் எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒரு கட்டத்துக்கு மேல் வேலைக்கு வேண்டியதைவிட அதிகமாகவே அவளிடம் சேர்ந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். பதில் தெரிந்ததையும் கேட்டாள். தண்ணீர்த் தொட்டி உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்ட அன்றைக்கு மாமியாரே எட்டிப்பார்த்து, "பள்ளமா இருக்கற பக்கம் ஓடும்டி. இதுக்கு ஒரு படிப்பா?" என்றாள். அவன் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அந்த இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது சுவர் இல்லை. அந்தக் குரல்தான். கேள்வி தீர்ந்துபோனால் குரலும் போய்விடும் என்று பயந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது டீம் லீட் அவளைக் கூப்பிட்டாள். லீட் அவளைவிட ஆறு வயது சின்னவள். எப்போதும் வெந்நீர் குடிப்பவள். அந்த வெந்நீர் ஆறுவதற்குள் பேசி முடிக்கிறவள்.

"வர்ற வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு நேர்ல காட்டணும். ஒரே ஒரு வீடு. நீங்க இதுவரைக்கும் செஞ்ச துண்டு எல்லாத்தையும் எடுத்து ஒரே வீடாக் கட்டிடுங்க. கடைசியில ஒரு சுவரை உடைச்சா மொத்தமும் இறங்கணும். அதைப் பாத்துட்டு அவங்க அடுத்த ரெண்டு வருஷ வேலையை நமக்குத் தரணும். இல்லைன்னா நானும் நீங்களும் கீழ மெத்தை விக்கப் போகலாம்."

அவள் துண்டுகளை எடுத்து அடுக்கினாள். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு வீடுகளுக்கென்று செய்தவை. சாதாரணமாக அப்படிச் சேர்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இழுத்துப் பிடித்து ஒட்டவைக்க ஒரு வாரமாவது ஆகும். இந்தத் தடவை ஒரே நாளில் முடிந்துவிட்டது. பச்சை கிரில் தாண்டினால் ஹால். ஹாலுக்கு இடது பக்கம் சமையல்கட்டின் கதவு. கதவுக்குப் பின்னால் இரண்டு படி இறக்கம். அந்த இறக்கத்துக்குச் சரியாக மேலே மாடித்தளம். அதைத் தாங்குவதற்கு ஒரு சுவர்தான் பொருந்தியது, அலமாரி வைத்த சுவர். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி எல்லாம் போய் உட்கார்ந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கரையான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து கேட்டார்: "இது யார் வீடு, சுவரம்மா?"

"யார் வீடும் இல்லண்ணே. நானாச் சேர்த்தது."

"இல்லம்மா. நான் ஆயிரம் வீட்டைச் சுட்டிருக்கேன். இதுல யாரோ குடியிருந்திருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் அதை லேப்டாப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் சொன்னதையெல்லாம் வைத்துச் செய்தது. அவன் ஒரு தடவைகூட எதையும் பார்த்ததில்லை. எதிரிகள் யாரும் இல்லாத வெறும் வீடாகத் திறந்து வைத்தாள். வெளியே மூன்று நாளாக விடாத மழை. கொடிக்கயிற்றை வீட்டுக்குள் கட்டியிருந்ததால் ஈரத்துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. மாமியாரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதை அமுக்கினா நடக்கும். இதை அமுக்கினா சுடும். இது துப்பாக்கிக் கட்டையால இடிக்க."

"போன் எடுக்கறவன் கையில துப்பாக்கியைக் குடுத்திருக்கா பாரு" என்றாள் மாமியார்.

அவன் சிரித்துக்கொண்டேதான் மவுஸைப் பிடித்தான். தெருவில் தடுமாறி நடந்தான். ஒரு மரத்தில் முட்டிக்கொண்டான். பச்சை கிரில் வந்ததும் நின்றான். அப்புறம் அவன் தடுமாறவில்லை. ஹாலுக்குள் போனான், எந்தப் பக்கமும் பார்க்காமல் நேராக இடது பக்கம் திரும்பினான். சமையல்கட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தான். கதவை விட்டுவிட்டு, அதற்கு ஓரடி தள்ளி இருந்த சுவருக்கு முன்னால் வந்து நின்றான். துப்பாக்கிக் கட்டையால் மூன்று தடவை, மெதுவாக இடித்தான்.

இடித்துவிட்டுக் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

ஒரு சத்தமும் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அது விளையாட்டின் மழையா வெளியே பெய்கிற மழையா என்று தெரியவில்லை.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். எழுந்தான். ஈரத்துணியெல்லாம் முகத்தில் உரச நேராக நடந்து, செருப்பு இல்லாமல் வெளியே போய்விட்டான்.

"என்னங்க? எங்க போறீங்க? குடையாவது எடுத்துட்டு..."

மாமியார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ என்னத்தடி காட்டின அவனுக்கு?"

"ஒரு வீடு அத்தை. அவர் சொன்னதை வச்சுத்தான்..."

"என்ன வீடுன்னு சொன்னான்?"

"எந்த வீடும் இல்ல. பொதுவா. வீடு எப்படி இடியும்னு கேட்டேன், சொன்னார்."

மாமியார் உள்ளறைக்குப் போனாள். தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்து, பாபின்களையும் நாடாக்களையும் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பர் துண்டை எடுத்துவந்தாள். "மீட்புப் பணியின்போது சுவர் இடிந்து பெண் பலி." படம் தெளிவாகவே இருந்தது. வளைந்த பச்சை கிரில். இடது பக்கம் திறந்து கிடந்த சமையல்கட்டு, இரண்டு படி கீழே. இடிபாட்டுக்கு நடுவே, ஒரு டம்ளர்கூட நசுங்காத பாத்திர அடுக்கு.

அவள் அந்தப் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் நூறு கேள்வி கேட்டிருந்தாள். வீடுகள் எப்படி விழும் என்று கேட்டதாக நினைத்திருந்தாள். அவன் நூறுக்கும் ஒரே வீட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறான். துண்டுகள் பொருந்தாமல் எங்கே போகும்?

"அன்னைக்கு வந்தவன் சட்டையைக் கழட்டவே இல்ல" என்றாள் மாமியார். "சுண்ணாம்புத் தூசி, தலையெல்லாம். நான் ஒரு வார்த்தை கேக்கல. சோத்தைப் போட்டு வச்சேன். விடியற வரைக்கும் தட்டுக்கு முன்னாடியே உக்காந்திருந்தான்."

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லலை?"

"எங்கிட்ட மட்டும் சொன்னானா? பேப்பர்ல பாத்துத்தான் எனக்கே தெரியும்."

அவன் முழுக்க நனைந்து திரும்பி வந்தான். துவட்டிக்கொண்டான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் "உப்பு" என்றால் உப்பு. அவள் கேள்வி எதையும் கொண்டுவரவில்லை. கொண்டுவரத் தைரியம் இல்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஒரு காரியம் செய்தாள். அலமாரி வைத்த சுவருக்கு உயிர் நூற்றைம்பது என்று இருந்தது. அந்த எண்ணை அழித்துவிட்டு, உடையாதது என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். மலைக்கும் கடலுக்கும் மட்டும் போடுகிற டிக் அது. இனி பீரங்கியே வந்தாலும் அந்தச் சுவர் நிற்கும். லட்சம் பேர் விளையாடினாலும் ஒருத்தனாலும் அதை உடைக்க முடியாது. அவளால் அவனுக்குச் செய்ய முடிந்தது அதுதான் என்று தோன்றியது.

புதன்கிழமை மத்தியானம் கரையான் பெருமூச்சோடு வந்தார்.

"சுவரம்மா, ஒரு தப்பு நடந்திருக்கு. ராக்கெட் போட்டேன். வீடு மொத்தமும் போச்சு, அந்த ஒரு சுவர் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது. நான் ரிப்போர்ட் போட்டுட்டேன்."

"போட்டுட்டீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஐயோ. தெரிஞ்சே வச்சதாம்மா அது?"

அதற்குள் லீட் வெந்நீர்க் கோப்பையோடு வந்துவிட்டாள். "அந்தச் சுவர் விழுந்தாத்தான் மேல்தளம் இறங்கும். அதுதானே ஷோ? இதைப் போய் உடையாததா வச்சிருக்கீங்க. கை தவறிடுச்சா?"

"இல்ல. வேணும்னுதான் வச்சேன்."

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். எங்கள் வீட்டுக்காரர், என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை என்ன? அவளுக்கே முழுக்கத் தெரியாத ஒன்றை இந்த ஏசி அறையில், இவ்வளவு பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

"அந்த வீட்டையே எடுத்துடலாமா?" என்றாள்.

"விளையாடறீங்களா? நாளன்னைக்கு ஷோ. ஒண்ணு, சுவர் உடையணும். இல்ல, ஏன் உடையக் கூடாதுன்னு எனக்கு ஒரு காரணம் வேணும். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. நான் கெட்டவ இல்ல. ஆனா மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

லீட் போன பிறகும் கரையான் அங்கேயே நின்றார். "அது யாரோ குடியிருந்த வீடுன்னு சொன்னேன்ல?" என்றார். அவள் தலையசைத்தாள். "வீட்டுல கேட்டுட்டு வாம்மா. எதுன்னாலும் நான் காலையில எட்டு மணிக்கே வந்து மறுபடி சுட்டுப் பாத்துக் குடுத்துடறேன்."

வியாழக்கிழமை அவனுக்கு ஓய்வு நாள். அவள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மத்தியானமே வந்தாள். மழை கொஞ்சம் தணிந்து, கூரை விளிம்பில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்காகப் பழைய காற்சட்டைகளின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நூலை இழுத்து, வெட்டி, துணியைத் தனித்தனியாக அடுக்கி வைப்பதில் அவன் கை சுத்தமாக இருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேப்பரைப் பாத்தேன்."

அவன் நூலை இழுத்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டேன். சத்தியமா."

"தெரியும்."

"அந்தச் சுவரை உடையாத மாதிரி வச்சிட்டேன். யாராலும் முடியாது. ஆபீஸ்ல திட்டுறாங்க, பரவாயில்லை. வேலை போனாலும் போகட்டும்."

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "காட்டு."

"வேண்டாம். அன்னைக்கு மாதிரி ஆயிடும்."

"காட்டும்மா."

திறந்தாள். அவன் இந்தத் தடவை உள்ளே போகவில்லை. தெருவிலேயே நின்று சுட்டான். கிரில் வளைந்தது, பச்சைக்குக் கீழே சிவப்புத் தெரிந்தது. ஹால் உட்கார்ந்தது. ஸ்விட்ச் போர்டிலிருந்து தூசி வந்தது. நிலை இறுகி, உடைந்து, மாடிப்படி மடிந்து எல்லாம் இறங்கி அடங்கியபோது, புழுதிக்கு நடுவில் அந்தச் சுவர் ஒன்று மட்டும் நின்றது. அதன் தலைமேல் மாடித்தளத்தின் ஒரு பாதி, விழாமல். அவன் நடந்து அதன் மறுபக்கம் போனான். அலமாரியில் தட்டுகளும் டம்ளர்களும் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. அலமாரிக்கு முன்னால் தரை சுத்தமாக இருந்தது. ஒருவர் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம்.

அவன் அந்தத் தரையை வெகுநேரம் பார்த்தான்.

"இப்படித்தான் இருந்திருக்கும்" என்றான். "யாரும் தொடாம இருந்திருந்தா."

"நல்லாத்தானே இருக்கு? இப்படியே இருக்கட்டும். நாளைக்கு அவங்ககிட்டச் சொல்லிடறேன்."

"இல்ல. எடுத்துடு."

"வீட்டையா?"

"வீடு இருக்கட்டும். நீ போட்ட அந்த டிக்கை எடு. உடையட்டும். பொள்ளுன்னு கேக்கட்டும், உடைச்சா மேல இருக்கறது இறங்கட்டும். நீ முதல்ல செஞ்சதுதான் சரி. இது பொய்யா இருக்கு."

"அதை லட்சம் பேர் உடைப்பாங்க. உங்களுக்கு..."

"ஒருத்தன்தான் உடைச்சான்." அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். "பேப்பர்ல சுவர் இடிஞ்சுதுன்னு போட்டிருப்பான். அது தானா இடியல. நான் இடிச்சேன்."

உள்ளறையில் மிஷின் நின்றது.

அவளுக்குள் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. யார் சொல்லி இடித்தீர்கள், அந்தப் பெண் அப்போது பேசினாளா, விசாரணையில் ஏன், என்னிடம் ஏன். இரண்டு வருஷத்துக்கு முன் வாசலில் செருப்போடு நின்று கேட்டது போலவே, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. "எப்படிங்க..." என்று ஆரம்பித்துவிட்டாள். அவன் முகம் மூடிக்கொள்ளத் தொடங்குவதைப் பார்த்தாள். உதட்டை அழுத்திக்கொண்டாள்.

அவன் லேப்டாப்பை மூடினான். பிரித்து வைத்த துணிகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் பக்கத்தில் தரையைக் கையால் ஒருமுறை துடைத்தான். அவள் எழுந்துவந்து அங்கே உட்கார்ந்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான். அவர்கள் வீட்டுச் சுவர். காலண்டர் தொங்குகிற சாதாரணச் சுவர்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். விசாரணையில கேட்டாங்க. எத்தனை மணி, எத்தனை அடி தூரம், யார் உத்தரவு. சொன்னேன். நீ கேட்டே, உனக்கும் சொன்னேன். கதவு தனியா, படி தனியா, அலமாரி தனியா. எல்லாரும் துண்டு துண்டாக் கேட்டாங்க, நானும் துண்டு துண்டாக் குடுத்தேன். முழுசா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வண்டியில ஏறினதுல இருந்து, வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னாடி உக்காந்த வரைக்கும் ஒரே தடவையாச் சொல்லிடறேன். நடுவுல ஏன், எப்படின்னு எதுவும் வேண்டாம். உங்க மேல தப்பில்லன்னும் சொல்லாத. நான் அழுதா எழுந்து தண்ணி எடுக்கப் போகாத. முடியிற வரைக்கும் பக்கத்துல இப்படியே உக்காந்திருக்கியா?"